எட்டுக் கம்பளிகள்

…ஆற்றின்மேல் ஐந்து மாதமாய்ப் படுத்துக் கிடந்த பனிப்பாளம் புரண்டு படுத்த ஓசைதான் அது, வேறொன்றாக இருக்க முடியாது, நேற்று அந்திக்குப் பிறகு ஒருமுறை, இன்று வைகறைத் தொழுகையில் நெற்றி தரையைத் தொட்டிருந்தபோது மறுமுறை, மண்ணுக்கடியில் யாரோ நெடுமூச்செறிவதுபோல. பின்பனி விடைகொள்ளும் நாள்களுக்கு நாரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு தனிக் கனம் உண்டு. குளிர் போய்விடுவதில்லை, அதன் ஆணைதான் போய்விடுகிறது. மலையின் தென்முகம் கறுக்கத் தொடங்க, வடமுகம் தன் வெண்மையைக் கைவிட மறுத்து நிற்கிறது. சினையுற்ற பெட்டைக் குதிரைகள் வேலியோரம் அசையாது நின்று தம் வயிற்றுக்குள்ளே எதையோ செவிமடுக்கின்றன. நிலக்கரிப் புகை மேலெழ மனமின்றிக் கூரைகளின்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. மேலே இளகியும் கீழே இறுகியும் கிடக்கும் சேற்றுப் பாதை ஒரே அடியில் இரண்டு பருவங்களை மிதிக்க வைக்கிறது. படைத்தவன் ஆணை ஒன்று முடிந்து மற்றொன்று பிறக்கும் இடைவெளி இதுதானோ, அதனால்தான் உலகம் இவ்வளவு தலைகுனிந்து நிற்கிறதோ என்று எண்ணியபடி, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை மேலாடைக்குள் தள்ளிக்கொண்டு, புருல்சா பள்ளியை நோக்கி நடந்தாள். இன்னும் மூன்று மணி நேரம். பத்து மணிக்கு மாவட்டத்திலிருந்து ஆய்வுக் குழு வரும். எட்டுக் கணினிகளில் மூன்று ஏன் செத்தன என்று கேட்கும். அவள் சொல்லப்போகும் விடையைப் பொறுத்து, உயிரோடிருக்கும் ஐந்தும் இந்தப் பள்ளியில் இருக்கும், அல்லது மாலைக்குள் வண்டியேறிப் போய்விடும்.

ஆனால் விடை அவளுக்குத் தெரியாதே, அதுதானே விந்தை… ஐயம் இருக்கிறது, அச்சம் இருக்கிறது, அவ்விரண்டையும் சேர்த்தால் அறிவு ஆகிவிடுமா? பழம்பாட்டும் இலக்கணமும் கற்பிப்பவளின் கழுத்தில் கணினியறைச் சாவி எப்படி வந்தது என்று குழுவினர் கேட்டால் அதற்காவது விடை உண்டு. கணினி ஆசிரியன் பெட்டிகள் வந்த இரண்டாம் இலையுதிர்காலத்தில் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான், போனவன் திரும்பவில்லை. தலைமையாசிரியர் தெமிர்குல் ஆசிரியர் கூட்டத்தில் பொறுப்பேட்டை மேசைமேல் வைத்து, யார் கையெழுத்திடுகிறீர்கள் என்றார். கையெழுத்திட்டவர் பொருளுக்குப் பொறுப்பு, உடைந்தால் அவர் தலை, ஆகையால் இருபத்திரண்டு பேரும் ஒரே சமயத்தில் தத்தம் காலணிகளை ஆராய்ந்தார்கள். அவளும் ஆராய்ந்தாள். ஆனால் சாளரத்தோரம் வரிசையாய் உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டிகள், ஓராண்டாய்ப் பூட்டிய அறைக்குள் ஒருவரும் தொடாமல், விருந்துக்கு அழைத்து வாசலிலேயே நிறுத்திவைத்த விருந்தாளிகளைப்போல… அவற்றுக்குள் என்னதான் இருக்கிறது? அந்த ஒரு கேள்விக்காகத்தான் கை உயர்ந்தது. கடமைக்காக என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள், அது பொய், இறைவன் அறிவான், வெறும் அறியும் ஆசை. நாற்பத்தேழு வயதில் அப்படியொரு ஆசை வருவது நாணத்துக்குரியதா? வழித்துணையாய் வந்த காக்கை ஒன்று முன்னே பறந்து போயிற்று.

அறையைத் திறந்தபோது உள்ளே வெளியைவிடக் குளிராயிருந்தது, எப்போதும் அப்படித்தான், கல்லும் சுண்ணாம்பும் குளிர்காலத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தர மறுக்கின்றன. அடுப்பில் சாணவறட்டியும் நிலக்கரியும் அடுக்கித் தீ மூட்டினாள். எட்டுப் பெட்டிகளும் எட்டுக் கம்பளிகளுக்குள். ஆட்டு ரோமத்தை வெந்நீர் தெளித்து உருட்டி உருட்டி இறுக்கிய தடித்த கம்பளி, சாம்பல் நிலம், அதன்மேல் சிவப்பில் ஆட்டுக்கொம்புச் சுருள். தையல் ஆசிரியை அசில்கானும் அவளும் பதினொரு நாள் உட்கார்ந்து தைத்தவை. மருமகளுக்குச் சீர் தைக்கிற மாதிரியல்லவா தைக்கிறோம் என்று அசில்கான் அப்போது சொன்னாள், தைத்து முடித்ததும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்து, "மாமியாரு கொடுமை இல்லாத மருமக இவளுங்கதான்டி, வாயே தொறக்க மாட்டாளுங்க" என்று நூலைப் பல்லால் அறுத்தாள். உண்மையில் வாய் திறந்தார்கள், யார் கேட்டோம்? ஓடும்போது அந்தப் பெட்டிகளிலிருந்து எழும் அந்த மெல்லிய இரைச்சல், பின்புறத் துளைகளிலிருந்து வரும் அந்த வெம்மூச்சு… அதை முதன்முதலில் உள்ளங்கையில் உணர்ந்தபோது அவள் நினைத்தது இயந்திரத்தை அல்ல, குதிரையை. பந்தயத்தில் ஓடி முடித்து வியர்த்து வந்த குதிரை. தந்தை பந்தயக் குதிரைகளைப் பழக்குபவர்; ஓடிவந்த குதிரையின் முதுகில் குளிர்காற்று பட்டால் அது போயிற்று என்பார்; வீட்டு வாசலில் அவள் கம்பளியை இரு கையிலும் ஏந்தி நிற்பாள், அவர் வந்ததும் மேலே வீசிப் போர்த்துவார்கள், விடியும்வரை தலையை உயர்த்திக் கட்டிவைப்பார்கள், நீரும் இல்லை, தீனியும் இல்லை. இந்தக் குளிர்காலத்திலோ வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழ் இருபத்தெட்டு. உள்ளே அடுப்பு அணைந்தால் சில மணி நேரத்தில் தண்ணீர் உறையும். பாட வேளை முடிகிறது, மணி அடிக்கிறது, பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்கள், பெட்டிகளோ அடுத்த வகுப்புக்காக அணையாமல் இன்னும் வெம்மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன, இந்தச் சூட்டோடு இந்தக் குளிரில் விட்டுப்போவது எப்படி? போர்த்தினாள். ஓடிக்கொண்டிருந்தபோதே போர்த்தினாள், ஒவ்வொரு நாளும், ஒன்றுவிடாமல், இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லி.

மூன்றாம் எண் சனவரியில் போயிற்று, எட்டாம் எண் பிப்ரவரியில், ஐந்தாம் எண் மார்ச்சின் முதல் வாரத்தில். பொசுங்கிய கொம்பைப்போல ஒரு மணம், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் மூன்றும் எட்டும் விழித்து நாலு மூச்சு விட்டு அடங்கிவிடும். ஐந்து விழிப்பதே இல்லை. ஐந்துதான் நெஞ்சை அறுப்பது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், முக்கியமாய் அந்த அய்பிகே, கேள்வி கேட்டே ஆசிரியர்களைக் களைக்க வைக்கும் பெண், ஆற்றில் பனி உடைந்த நாள்களை நீரளவு நிலையத்தின் பழைய குறிப்பேடுகளிலிருந்து அதில்தான் ஏற்றினார்கள், நாற்பத்தொரு ஆண்டுகள், இரண்டு விரலால் தட்டித் தட்டி இரண்டு மாதம். குறிப்பேடுகள் நகரத்து ஆவணக் காப்பறைக்குத் திரும்பிப் போய்விட்டன. ஆறு முன்னைவிட முந்தி விழிக்கிறதா அக்கா, இல்லை நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? அய்பிகேயின் அந்தக் கேள்விக்கு விடை கட்டம் கட்டமாய் ஐந்தாம் எண்ணுக்குள் இருக்கிறது, அல்லது இருந்தது. அதனால்தானே அந்த ஒன்றுக்கு மட்டும் முதலில் வெளுத்த பருத்தித் துணி, அதற்கு மேல் கம்பளி, கடுங்குளிர் நாள்களில் அதற்கும் மேல் அவளுடைய சொந்த மேலங்கி… அதிகம் நேசித்ததை அதிகம் மூடினாள்.

தெமிர்குல் நேற்றே ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வழி சொல்லிவிட்டார். குரலைத் தாழ்த்தி, தேநீர்க் கிண்ணத்தை இரு கையாலும் சூழ்ந்து, கோபமின்றி, கரிசனத்தோடுதான் சொன்னார். "மின்சாரம்னு சொல்லிரு, புருல்சா. இந்தக் குளிர்காலம் பூரா வெளக்கு துடிச்சதை ஊரே பாத்துச்சு. மின்சாரத்துக்குத் தலையும் இல்ல, காலும் இல்ல, யாரு போயி அதை விசாரிக்கப் போறா?" பொய்கூட அன்று, விளக்கு துடித்தது உண்மை, கவனக்குறைவு என்று ஏட்டில் ஏறினால் மீதி ஐந்தையும் மாவட்டத் தலைநகர்ப் பள்ளிக்கு மாற்றலாம் என்று விதி இருக்கிறது, மின்சாரம் என்றால் அந்த விதி உறங்கும். ஆனால் மின்சாரத்துக்குக் கால் உண்டு, இரண்டு கால், கம்பங்களில் ஏறும் மின்பணியாளன் சகினின் கால். சனவரிப் புயலில் மூன்று நாள் இறங்காமல் கம்பியைக் காத்தவன், அவனைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்களா? இரவெல்லாம் அவளை உறுத்தியது அது மட்டுமா என்றால், நேர்மையாய்ச் சொன்னால், இல்லை. மின்சாரம் என்று சொல்லிவிட்டால் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். மூடியில் முத்திரைத் தாள் ஒட்டியிருக்கிறது, அவள் கிழிக்கக் கூடாது, குழு கிழிக்கலாம், காரணம் தெரிந்த சாவுக்கு யார் கிழித்துப் பார்ப்பார்கள்? மூன்றையும் வெட்டாமல் புதைப்பார்கள். அவள் கையால் செத்ததா இல்லையா என்று சாகும்வரை அவளுக்குத் தெரியாது. அதைத்தான் தாங்க முடியவில்லை… குற்றத்தைவிட அறியாமை கனமாயிருக்குமா?

அடுப்பு சூடேறிச் சுவர் வியர்க்கத் தொடங்கியது. குளிர்ந்த பெட்டியை உடனே எழுப்பக் கூடாது, அறையின் சூடு அதற்குள் ஊறும்வரை காத்திருக்க வேண்டும், இதை யாரும் சொல்லாமலே கற்றிருந்தாள். நாற்காலியில் அமர்ந்து மணிமாலையை உருட்டினாள், முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று… மாலை இரண்டாம் முறை சுற்றும்போது விரல் நின்றது. வேதியியல் அறையில் ஒரு கண்ணாடி வெப்பமானி இருக்கிறதே. நூறு வரை கோடிட்டது. ஓர் உயிருள்ள பெட்டியை ஓடவிட்டு, கம்பளியால் போர்த்தி, உள்ளே அதை வைத்துப் பார்த்தால் என்ன? பார்த்தால், நான்காவதும் சாகலாம். குழு வரும் நாளில், குழு வருமுன், பொறுப்பேட்டில் கையெழுத்திட்டவளே தெரிந்தே நான்காவதைக் கொல்லலாம். எந்தப் பைத்தியக்காரி இப்படிச் செய்வாள்? ஆனால் கால்கள் அதற்குள் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தன, கை அதற்குள் வெப்பமானியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தது, உள்ளம் மட்டும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தது.

இரண்டாம் எண்ணை எழுப்பினாள். ஒளி வந்தது, மெல்லிரைச்சல் வந்தது. துளைகளின் அருகே வெப்பமானியைச் சார்த்தினாள், கம்பளியைப் போர்த்தினாள், ஓரத்தைச் சற்றே உயர்த்திப் பார்த்தாள்: இருபத்தாறு. பிறகு சாளரத்துக்கு வெளியே பார்த்தாள், தொலைவில் ஆற்றின் வெண்முதுகில் ஒரு கறுப்புக் கீறல், நேற்று இருந்ததா அது? முப்பத்தொன்று. இரைச்சல் சற்றுக் கூடியதுபோல, அல்லது அவள் காதுதான் கூர்மையானதோ. முப்பத்தேழு, மனிதச் சூடு, இதுவரை நோயில்லை. நாற்பத்திரண்டு, இதற்குமேல் மருத்துவமனையில் பிள்ளைகளைக் குளிர்நீரில் நனைத்த துணியால் துடைப்பார்கள். போதும், எடுத்துவிடு. இன்னும் கொஞ்சம்… நாற்பத்தெட்டு. விசிறி இப்போது ஐயத்துக்கிடமின்றி அலறியது, பேறுகாலப் பெட்டையின் மூச்சு அப்படித்தான் இருக்கும், குட்டை குட்டையாய், இடைவிடாமல். எத்தனை நாள் இந்த ஒலியை மணி ஓசையிலும் பிள்ளைகளின் கூச்சலிலும் கேளாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போனேன், போகும்போது திரும்பிப் பார்த்து, பத்திரமாய் இருக்கின்றன என்று நெஞ்சில் கைவைத்து நன்றிகூடச் சொன்னேனே… ஐம்பத்து மூன்று. கம்பளியைப் பற்றினாள், இழுப்பதற்குள் கதவு திறந்தது. பத்து மணிப் பேருந்தில் வரவேண்டியவர்கள் ஒன்பதரைக்கே சொந்த வண்டியில் வந்துவிட்டார்கள்.

முன்னால் தெமிர்குல், பின்னால் வெள்ளைக் கம்பளித் தொப்பியும் நரைத்த தாடியுமாய் ஒரு பெரியவர், ஒரோசாலி, குழுத் தலைவராம். அவருக்குப் பின்னால் கருவிப்பையைத் தோளில் மாட்டிய இளம்பெண், தொழில்நுட்பக்காரி மிர்குல். மின்சாரம் என்ற சொல் அவர்களுக்கு முன்பே அறைக்குள் வந்துவிட்டது, வழி முழுக்கத் தெமிர்குல் அதைத்தான் பேசியிருக்க வேண்டும், குரலில் இன்னும் அதன் சூடு இருந்தது. பால்விட்ட உப்புத் தேநீரும் பொரித்த மாவுத் துண்டுகளும் ஆசிரியர் அறையில் காத்திருக்கின்றன, முதலில் அங்கே போகலாமே என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். மிர்குல் அசையவில்லை. போர்த்திய கம்பளிக்குள்ளிருந்து வந்த அலறலையே கேட்டு நின்றாள்.

"என்னக்கா இது?"

"காய்ச்சல் பாக்கறேன்" என்றாள் புருல்சா. கம்பளியை உருவி, வெப்பமானியை நீட்டினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள், தொடங்கியபின் நிறுத்த இயலவில்லை, குதிரையும் குளிரும் மணியோசையும் பருத்தித் துணியும், அசில்கானும் தானும் பதினொரு நாள் தைத்ததும், விளக்கு துடித்ததையும் சேர்த்தே சொன்னாள், எது கொன்றது என்று தெரியாது, தெரிய வேண்டும், அதற்காகத்தான்… தெமிர்குல் சாளரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் பிடரி சிவந்ததைக் காண அவளுக்குப் பரிதாபமாயிருந்தது, இந்த மனிதர் எனக்காகவல்லவா பொய்யைச் சுமந்து வந்தார். ஒரோசாலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்தார். அவர் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறார் என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று.

"யாரு மக நீ?"

குதிரை பழக்கிய பெயிஷே மகள் என்றாள்.

"பெயிஷேயைத் தெரியுமே எனக்கு. அந்த மனுசன் ஓடிட்டிருக்கற குதிரை மேலயா போர்வை போட்டாரு? மூச்சு அடங்கற வரைக்கும் கையில புடிச்சு நடத்துவாரே, தங்கச்சி. ஆத்தோரமா ரெண்டு சுத்து. அதுக்கப்புறம்தானே கம்பளி."

அது அம்பாய்த் தைத்தது, ஏனென்றால் அது உண்மை, ஏனென்றால் அவள் அதைப் பார்த்ததே இல்லை. தந்தை நடத்தியது வேலிக்கு அப்பால், ஆற்றோரத்து இருளில். சிறுமியாய் அவள் நின்றது வாசலில், கையில் கம்பளியோடு. குதிரை வெளிச்சத்துக்குள் வரும்போது அதன் மூச்சு ஏற்கெனவே அடங்கியிருந்தது. வழக்கத்தின் அவள் பங்கு மட்டும் அவளுக்கு வாய்த்தது, பாட்டின் ஈற்றடியை மட்டும் கேட்டு வளர்ந்தவளைப்போல. அதை முழுப்பாட்டென்று நம்பி இத்தனை ஆண்டு… இன்னும் எத்தனை வழக்கங்களின் ஈற்றடியை மட்டும் ஏந்திக்கொண்டு நிற்கிறேனோ?

மிர்குல் அதற்குள் மூன்றாம் எண்ணின் முத்திரைத் தாளைக் கிழித்துவிட்டாள். திருகாணிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி மேலாடைப் பைக்குள் போட்டாள், பக்க மூடியைச் சாய்த்தாள், கைவிளக்கைப் பற்களுக்கிடையே கவ்வினாள். புருல்சா தன்னையறியாமல் மண்டியிட்டு அருகே குனிந்தாள். இதுதானா உள்ளே இருந்தது? பச்சை நிறத்தில் ஒரு வயல், அதன் நடுவே வாய்க்கால்களாய்ப் பொன்னிறக் கோடுகள், வெள்ளி மணிகள், வானத்திலிருந்து நம் பள்ளத்தாக்கைப் பார்த்தால் இப்படித்தான் இருக்குமோ, இவ்வளவு ஒழுங்கா, இவ்வளவு அமைதியா… மிர்குல் இடுக்கியை நுழைத்து எதையோ பற்றி இழுத்தாள். வந்தது. விசிறியின் அளவில், வட்டமாய், விரல் தடிப்பில், சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. போர்வையின் ரோமத்தை நாள்தோறும் இழை இழையாய் உறிஞ்சி, சூட்டிலும் ஈரத்திலும் சுழற்றிச் சுழற்றி இறுக்கி, அந்த இயந்திரம் தனக்கென ஒன்று செய்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சிவப்பு நூல்கூட, கொம்புச் சுருளின் சிறு துணுக்கு. அதைப் புருல்சாவின் உள்ளங்கையில் வைத்தார்கள். இன்னும் கதகதப்பாய் இருந்ததுபோல் தோன்றியது, அப்படி இருக்க வழியில்லை.

"நீங்க ரெண்டு பேரு பதினொரு நாள் ஒக்காந்து தைச்சீங்க. இது தனியாவே தைச்சிருக்கு பாருங்க" என்றாள் மிர்குல். ஏளனம் இருந்தது, அதைவிட வியப்பு அதிகம் இருந்தது. மின்சாரம் என்று எழுதிய பள்ளிகளில் தான் பெட்டியைத் திறப்பதே இல்லை என்றும், திறக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றும், விசிறியைத் துடைத்தபடியே சொன்னாள். மூடி போட்டுப் பொத்தானை அழுத்தினாள். மூன்றாம் எண் விழித்தது, நாலு மூச்சு, ஐந்து மூச்சு, பத்து… அடங்கவில்லை. எட்டாம் எண்ணிலும் அதே சாம்பல் வட்டம், அதே சிவப்புத் துணுக்கு, அதே விழிப்பு. தெமிர்குல் எப்போது சாளரத்தை விட்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார் என்று தெரியவில்லை, அவருடைய மூச்சு கழுத்தில் பட்டது.

ஐந்தாம் எண்ணைத் திறந்தார்கள். ஒன்றுமில்லை. ஒரு நூலிழைகூட இல்லை, கழுவித் துடைத்த கிண்ணம்போலத் தூய்மையாய். பருத்தித் துணி ரோமத்தைத் தடுத்திருக்கும், ஆனால் காற்றையும் தடுத்திருக்குமே என்றாள் மிர்குல். சூட்டில் போயிருக்கலாம், மின்சாரம் துடித்ததிலும் போயிருக்கலாம், இங்கே வைத்துச் சொல்ல முடியாது. பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள். பிள்ளைகள் ஏற்றியதெல்லாம் பதிந்திருக்கும் நினைவுத் தட்டு பிழைத்திருக்கக்கூடும், நகரத்துக்குக் கொண்டுபோய் வேறு பெட்டியில் பொருத்திப் பார்க்க வேண்டும், வாக்குத் தர மாட்டேன் என்றாள். கதவோரம் ஒரு முகம் தெரிந்தது, அய்பிகே, முதல் பாட வேளை முடிந்து வந்திருக்கிறாள், எவ்வளவு நேரமாய் நிற்கிறாளோ. அழுவாள் என்று புருல்சா எதிர்பார்த்தாள். அவள் நேரே கரும்பலகைக்குப் போய், மேல் மூலையில், யாரும் துடைக்காத உயரத்தில், இன்றைய நாளைச் சிறிய எழுத்தில் எழுதினாள்.

"காலைல ஆறரைக்குப் பாளம் ஒடஞ்சுச்சுக்கா, பாலத்து மேல நின்னு பாத்தேன். இந்த வருசக் கட்டம் காலியா இருந்துச்சுல்ல. பெட்டி திரும்பி வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்."

வராவிட்டால், என்று புருல்சாவின் நாவில் வந்தது, விழுங்கினாள். ஒரோசாலி பலகையையே பார்த்திருந்தார். பிறகு படிவத்தை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில், ஓடும்போது போர்த்தியதால் என்று அவளையே எழுதச் சொன்னார், ஐந்தாம் எண்ணுக்கு நேரே கட்டத்தை வெறுமையாய் விடச் சொன்னார். அவள் பெயரில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறும், அதைத் தம்மால் தவிர்க்க முடியாது என்றார். உயிரோடிருந்த ஐந்தும் மீண்ட இரண்டும் இங்கேயே இருக்கும், விதி மாற்றலாம் என்கிறதே தவிர மாற்றியாக வேண்டும் என்று சொல்லவில்லை. மே மாதக் கடைசியில் மறுபடி வருவேன், அன்று இந்த அறை பூட்டியிருந்தாலோ, பெட்டிகளின்மேல் ஒரு கைக்குட்டை கிடந்தாலோ, அன்றே வண்டியில் ஏற்றிவிடுவேன் என்றார். வாசலில் நின்று திரும்பி, "தேத்தண்ணி ஆறுது, தெமிர்குல். அந்த மின்சாரத்தைக் கொஞ்சம் ஊத்து, குடிப்போம்" என்றார். தெமிர்குலும் சிரித்துவிட்டார், சிரித்தபின்தான் அவர் பிடரியின் சிவப்பு இறங்கியது. ஐந்தாம் எண்ணை மிர்குல் இரு கையாலும் ஏந்திப் போனாள். உறங்கும் பிள்ளையைப்போல, போர்த்தாமல்.

…நண்பகல் ஆயிற்று. தாழ்வாரம் ஓய்ந்து பிள்ளைகள் உணவுக்குப் போயிருந்தார்கள். ஏழு பெட்டிகளும் ஏழு மூச்சும். எட்டுக் கம்பளிகளும் மேசைமேல் மடித்துக் கிடக்க, அவற்றைப் பார்த்தபடி நின்றாள். பதினொரு நாள் உழைப்பு, அசில்கானுக்கு என்ன சொல்வது? அவள் சிரிப்பாள், வாய் திறக்காத மருமகள் கடைசியில் வாயைத் திறந்தாளா என்பாள். மூன்றிலும் எட்டிலும் என் கை தெரிகிறது, ஒப்புக்கொண்டேன், நெஞ்சு இலேசாயிற்று, ஆனால் ஐந்தில்? எதை எல்லாவற்றிலும் அதிகமாய்க் காத்தேனோ அதில் என் தடமே இல்லை, ஒரு ரோமம்கூட இல்லை, அது குற்றமின்மையா, எல்லாவற்றிலும் பெரிய குற்றமா… தூய்மையாய் மூச்சடைத்ததா, தானே அணைந்ததா? காப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில் எங்கோ ஒரு கோடு ஓடுகிறது, ஆற்றின் முதுகில் கண்ட அந்தக் கறுப்புக் கீறலைப்போல, நேற்று அது இருந்ததா என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

வாளித் தண்ணீரில் கைகால் முகம் கழுவி உளூச் செய்தாள், நீர் முழங்கையில் ஊசியாய்க் குத்தியது. இரண்டு கம்பளிகளை எடுத்து உதறினாள், சாளரத்தோரத்து வெறுந்தரையில் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாய் விரித்தாள். ஒன்று பாதத்துக்கு, ஒன்று நெற்றிக்கு, அளவாய்த்தான் இருந்தது, இதற்கென்றே தைத்ததுபோல. நின்றாள், குனிந்தாள், நெற்றியைச் சிவப்புச் சுருளின்மேல் வைத்தாள். ரோமத்தின் மணம், ஏழு விசிறிகளின் மெல்லிரைச்சல், அதற்கும் அடியில், தொலைவில், பாளங்கள் ஒன்றையொன்று உரசி நகரும் ஓசை. நெடுநேரம் எழவில்லை. எழுந்து, ஸலாம் கொடுத்து, உள்ளங்கைகளை மார்புக்கு நேரே விரித்தாள். ஒன்றில் அந்தச் சாம்பல் வட்டத்தின் இழைகள் இன்னும் ஒட்டியிருந்தன, துடைக்கவில்லை.

கேட்கும் பிள்ளைகளின் கேள்வி ஓயாதிருக்கட்டும். திறந்த கதவு திறந்தே இருக்கட்டும். கம்பத்தில் ஏறுபவனின் கால் வழுக்காதிருக்கட்டும், எனக்காகப் பொய்யைச் சுமந்தவரின் நாவு இலேசாகட்டும். போன பெட்டி போன வழியே மீளட்டும், மீளாவிட்டால் அது ஏன் போயிற்று என்பதாவது எங்களுக்குத் தெரியட்டும். ஓடுவதெல்லாம் மூச்சடங்க நடந்து வீடு சேரட்டும். ஆமீன் என்று, இரு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள்.